முட்டைக் கோழிக்குக் கைத்தீனி: கம்பா, மக்காச்சோளமா, கருக்கா நெல்லா?

முட்டைக் கோழிக்கென்று கலந்து விற்கும் லேயர் தீவனம் மட்டும் போடுவதா, கூடவே கைத்தீனியாகத் தானியமும் இறைப்பதா என்று கேட்டால், எந்தக் கோழிக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். கொல்லையில் திரியும் சிறுவிடை நாட்டுக்கோழி வருசத்துக்கு 70, 80 முட்டை போட்டால் பெரிசு, நடுவில் அடைக்கும் உட்கார்ந்துவிடும். எருக்குழியைக் கிளறிப் புழுவையும் கரையானையும் தின்று தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும், அதற்கு எந்தத் தானியத்தை இறைத்தாலும் பெரிய நட்டமில்லை. பண்ணைகளில் முட்டைக்கென்றே வளர்க்கும் பிவி 300 கோழி அப்படி இல்லை, வருசத்துக்கு 300 முட்டை சாதாரணமாகத் தாண்டும், அதன் சாப்பாட்டில் கை வைத்தால் முட்டையில் தெரிந்துவிடும். இனிச் சொல்வது வலைக்குள் நிற்கும் இந்த மாதிரிக் கோழிகளுக்கு.

தீவனம் மட்டும் போதும் என்பவர்கள் கையில் கணக்கு இருக்கிறது. ஒரு கோழி நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். தீவனத்தில் 17 சதவீதம் புரதம், 4 சதவீதம் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் 18.7 கிராம் புரதமும் 4.4 கிராம் கால்சியமும் உள்ளே போகிறது. இப்போது அதில் 40 கிராமைக் குறைத்துவிட்டு மக்காச்சோளம் போடுகிறோம். புரதம் 15.5 கிராமாக இறங்கும், அதுகூடப் பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் கால்சியம் 2.8 கிராமுக்கு வந்துவிடும், ஏனென்றால் மக்காச்சோளத்தில் கால்சியம் இல்லாத மாதிரிதான். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் கால்சியம் வேண்டும், தின்பதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். மிச்சத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கொஞ்ச நாளில் ஓடு மெலிந்து, தோல்முட்டை விழுந்து, அப்புறம் கோழியே காலை மடக்கி உட்கார்ந்துவிடும்.

தானியமும் வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் கணக்கு கிடையாது, ஆனால் வேறொன்று இருக்கிறது. "அந்த மாவையே தின்னா கோழிக்கு எப்படிலே கொதி அடங்கும்?" என்று ஆச்சிமார் கேட்பதில் விசயம் இல்லாமல் இல்லை. கிளறவும் கொத்தவும் பிறந்த பிராணி அது. நாலு மணிக்குத் தரையில் ஒரு கை கம்பை வீசிவிட்டுப் பாருங்கள், காலைப் பின்னால் இழுத்து இரண்டு சீய்ப்பு சீய்த்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மண்ணைப் பார்த்து, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கும். ஒன்றையொன்று இறகு பிடுங்குவதும் வால்பக்கம் கொத்துவதும் வேலையில்லாத கோழிகள் செய்வது. கூப்பிட்டால் வந்து நிற்கிற பழக்கமும் இதில்தான் வரும், எந்தக் கோழிக்குச் சுணக்கம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

அதனால் என் முடிவு, தீவனம்தான் சாப்பாடு, தானியம் கோழிக்குப் பத்து கிராம், மிஞ்சிப் போனால் பன்னிரண்டு. பத்துக் கோழிக்கு ஒரு நிறைந்த கை.

எந்தத் தானியம்? இங்கே மூன்றுதான் போட்டி. மக்காச்சோளத்துக்குக் கோழி பறக்கும், மஞ்சள்கருவும் நல்ல நிறமாக வரும். ஆனால் மூன்றிலும் கொழுப்பேற்றும் சரக்கு அதுதான், புரதம் 9 சதவீதத்தை ஒட்டித்தான். தவிர லேயர் தீவனத்திலேயே பாதிக்குப் பாதி மக்காச்சோளம்தான் இருக்கிறது, கைத்தீனியாகவும் அதையே போடுவதில் எனக்குப் பெரிய அர்த்தம் தெரியவில்லை. நிறம் வேண்டுமென்றால் முருங்கைக் கீரையும் அகத்தியும் கட்டித் தொங்கவிடுங்கள், திசையன்விளைப் பக்கம் முருங்கைக்கா பஞ்சம்.

கருக்கா நெல், அதாவது மணி சரியாகப் பிடிக்காத நெல், ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு ஏறக்குறைய சும்மா கிடைப்பது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லையும் அறுத்துத் தூற்றினால் களத்து ஓரத்தில் குவிந்துவிடும். உமிதான் அதிகம், சத்து குறைவு, கொழுக்கவைக்காது. பொழுதுபோக்குக்கு என்றால் இதுவே போதும், கோழி உமியைக் கொத்தி உதறிக்கொண்டு அரைமணி நேரம் சத்தமில்லாமல் நிற்கும். ஒரே ஒரு நிபந்தனை, மணலோ பொடிக்கல்லோ கிடைக்க வேண்டும். கறி வெட்டும்போது உள்ளே கல்லும் மண்ணுமாக ஒரு பை வருமே, அதில்தான் முழுத் தானியம் அரைபடுகிறது. சிமெண்டுத் தரையில் நிற்கும் கோழிக்கு அதற்கு வழியில்லை, ஒரு சட்டியில் ஆற்றுமணல் வையுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் நான் கம்புக்குத்தான் போவேன். புரதம் மக்காச்சோளத்தைவிடக் கூட, மணி சிறியதாக இருப்பதால் உடைக்க வேண்டாம், பத்து கிராமே தரையில் நிறையத் தெரியும், வலுத்த கோழி ஒன்றே அள்ளிக்கொள்ளவும் முடியாது. கேப்பையில் சுண்ணாம்புச்சத்து என்று சொல்லிச் சிலர் அதைப் போடுகிறார்கள். தானியங்களில் அதற்குத்தான் கால்சியம் அதிகம், உண்மைதான். ஆனால் பத்து கிராம் கேப்பையில் இருப்பது 35 மில்லிகிராம், ஓட்டுக்கு வேண்டியது 2,000. அதற்குக் கிளிஞ்சல்தான் வழி. ரேசன் அரிசிக் குருணை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வயிறு நிறையும், அவ்வளவுதான்.

தீவனத்தோடு கலந்து மட்டும் வைக்காதீர்கள். மணியைப் பொறுக்கிவிட்டு மாவை ஒதுக்கும், தாது உப்பும் வைட்டமினும் அந்த அடிமாவில்தான் கிடக்கும்.

நேரத்தில்தான் ஊர் வழக்கத்தோடு எனக்கு ஒத்துவரவில்லை. அடைக்கும் முன் தானியத்தை இறைத்து வயிறு நிறையத் தின்னவைத்து ஏற்றிவிடுவார்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் ராத்திரியில், அதனால் பொழுது சாயும்போது கோழி கால்சியத்தைத் தேடித் தின்னும். அந்த நேரத்தில் கம்பை நிரப்பிவிட்டால் கிளிஞ்சலுக்கும் தீவனத்துக்கும் எங்கே இடம்? நாலு மணியோடு தானியத்தை முடித்துவிட்டு, இருட்டும்வரை தீவனத்தையும் கிளிஞ்சலையும் முன்னால் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பகலெல்லாம் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் தின்னவே வரும். அந்த இரண்டு மாதமும் தானியத்தை அறவே நிறுத்துவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. மழையில் நனைந்து வரும் மக்காச்சோளம் மலிவாகக் கிடைக்கும், முளைப்பக்கம் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் தொடவே வேண்டாம். கழுவிக் காயவைத்தால் பூசணம் கண்ணுக்கு மறையும், அது விட்ட நஞ்சு போகாது, நேரே ஈரலைத்தான் பிடிக்கும்.