சேலத்தில் மர பொம்மை ஆர்டர் கொடுக்கப் போகிறீர்களா? பெயிண்ட் ஏறும் முன் மரத்தைப் பார்த்துவிடுங்கள்

சொந்த டிசைனில் மர பொம்மை செய்து விற்கலாம் என்று சேலம், ஏற்காடு பக்கம் பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. பட்டறையின் பெயரைப் போட முடியாது, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. ஆனால் வேலை நடந்த விதத்தைப் படித்தாலே ஆளை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

நான் கேட்டது நடைவண்டி, கயிறு கட்டி இழுக்கிற யானை, செப்புச் சாமான் செட். மூன்றும் குழந்தைகள் வாயில் வைக்கிற சாமான். அதனால் எழுத்திலேயே கொடுத்தேன்: காய்ந்த மரம், நிறத்துக்கு அரக்கு மட்டும், யானையின் சக்கரம் 40 மில்லிமீட்டர். பட்டறைக்காரத் தம்பி படித்துப் பார்த்து கையெழுத்தும் போட்டார்.

பேச்சில் ஆளை அசத்திவிடுவார். "ஏற்காட்டு காபி எஸ்டேட்ல நிழலுக்கு நிக்குமே, மிளகுக் கொடி ஏத்தி விடுவாங்க, அந்த சில்வர் ஓக்தாங்க்கா. கழிச்சுப் போடறதை எடுத்துட்டு வந்து செய்யறோம். புதுசா ஒரு மரம் வெட்டறது கிடையாது." மலை ஏறிப் பார்த்த யாருக்கும் இது பொய்யாகத் தோன்றாது, எந்த எஸ்டேட்டிலும் அந்த மரம்தான் வரிசையாக நிற்கிறது. அவர் கொடுத்த சாம்பிளும் அசல் சில்வர் ஓக்தான். சரியாக அறுத்த பலகையைச் சாய்த்துப் பிடித்தால், பட்டுச்சேலையில் வெளிச்சம் பட்டது மாதிரி புள்ளி புள்ளியாக மின்னும். அது மின்னியது. கடைசலும் சுத்தம், விரலில் ஒரு சிராய் ஏறவில்லை.

விலை மட்டும் மற்ற பட்டறைகளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மர பொம்மையில் காசு மரத்துக்குப் போவதைவிட, மரத்தைக் காயப் போட்டு வைக்கிற காலத்துக்கும், உப்புத்தாள் பிடித்துத் தேய்க்கிற கைக்கும்தான் அதிகம் போகும். மரம் சும்மாவே வந்தாலும் இவ்வளவு இறங்காதே என்று கேட்டேன். "மிஷின் போட்டிருக்கோம்க்கா" என்றார். மிஷினையும் காட்டினார், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாதிப் பணம் முன்பணமாகப் போனது.

சரக்கு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் தின்னர் நெடி மூக்கில் அடித்தது. அரக்கு வேலையில் அந்த நெடிக்கு இடமே இல்லை. கடைசல் மிஷினில் சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், அந்தச் சூட்டில் உருகி ஏறும், தாழை மடலால் மெருகு போடுவார்கள், அவ்வளவுதான். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு செப்புப் பானையில் அழுத்தித் தேய்த்தேன். அரக்காக இருந்தால் பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறியிருக்க வேண்டும். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அடித்திருந்தது சாதா எனாமல். அதில் ஈயம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் கொடுத்தால்தான் தெரியும். வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டிலேயே 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. எந்த டப்பாவிலிருந்து அடித்தீர்கள் என்று கேட்டால் டப்பாவைக் காட்ட ஆளில்லை.

அடுத்தது நடைவண்டி. ஒன்றைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பார்த்தேன். மெல்லிசான பச்சைப் பெயிண்டுக்கு அடியில் ஏதோ முத்திரை கறுப்பாகத் தெரிந்தது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் பாதிக் கோதுமைக் கதிர், பக்கத்தில் 'எம்பி' (MB) என்று இரண்டு ஆங்கில எழுத்து. வெளிநாட்டு மிஷின்கள் வந்து இறங்குகிற மரப்பெட்டியிலும், சரக்கை அடுக்குகிற பேலட் என்ற மரத்தட்டிலும் குத்துகிற முத்திரை அது. 'எச்டி' (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு அடித்த மரம். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்திய வாயு. சூழலுக்கு உகந்த பொம்மை என்று நான் லேபிள் அடித்து வைத்திருக்கிறேன்!

இதைவிட வயிற்றைக் கலக்கியது யானைச் சக்கரம். 40 மில்லி கேட்ட இடத்தில் 30 வந்திருந்தது. பத்து மில்லிதானே என்று விட முடியாது. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைகளின் பொம்மைக்கு ஒரு சோதனைக் குழாய் உண்டு, உள்விட்டம் 31.7 மில்லி. கழன்று வருகிற எந்தத் துண்டும் அதற்குள் முழுசாக அடங்கக் கூடாது, அடங்கினால் தொண்டையில் சிக்கும். 40 உள்ளே போகாது, 30 போய்விடும். மரமும் பச்சை. காயக் காயச் சுருங்கி, அச்சுக் குச்சி துளையில் லொடலொடத்தது. நான் இழுத்த இழுப்பிலேயே சக்கரம் கையோடு வந்துவிட்டது.

சான்றிதழ் கதை தனி. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மர பொம்மைக்கும்தான். உரிம எண் கேட்டதற்கு வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தார். அதிலிருந்த எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டேன். எங்கோ பிளாஸ்டிக் பொம்மை செய்கிற கம்பெனியின் உரிமம். கேட்டதும், "நமக்குக் கைவினைஞர் அட்டை இருக்குக்கா, ஐஎஸ்ஐ தேவையில்ல" என்று மாற்றினார். மத்திய அரசின் கைவினை ஆணையர் அலுவலகத்தில் பதிந்த கைவினைஞருக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அவர் தானே செய்து தானே விற்கிற சரக்குக்குத்தான் அது. என் பிராண்டில், என் பெட்டியில் நான் விற்பதற்கு அந்த அட்டை குடை பிடிக்காது. முத்திரையில்லாமல் விற்று மாட்டினால் முதல் தடவையே அபராதம் 2 லட்சத்துக்குக் குறையாது, ஜெயிலும் உண்டு.

சாம்பிளைச் செய்தவர் வேறொரு பெரியவர், நல்ல வேலைக்காரர். இந்தத் தம்பி அவரிடம் சாம்பிளுக்கு மட்டும்தான் போவாராம். ஆர்டர் சரக்கு பேக்கிங் பெட்டி அடிக்கிற ஷெட்டில் தயாராகிறது. மாற்றித் தரச் சொன்னதற்கு, "இந்த ரேட்டுக்கு இதுதாங்க்கா வரும்" என்று பதில். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வேறு ரேட் பேசியிருப்பேன்.

இப்போது அந்தப் பெரியவரிடமே நேராகப் போகிறேன். விலையைக் குறைக்க ஒரே வழியாக நிறத்தையே எடுத்துவிட்டேன். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். பெயிண்ட் இல்லாவிட்டால் மரத்தை மறைக்கவும் முடியாது. நிறம் வேண்டும் என்பவர்கள், சரக்கு முழுவதையும் வெறும் மரமாகப் பார்த்து, சக்கரத்தை அளந்து, அதற்கப்புறம்தான் நிறம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டாவது தவணைப் பணத்தை அந்தக் கட்டத்தில் வையுங்கள். எஸ்டேட் மரம் என்று சொன்னால் எஸ்டேட் பில்லைக் கேளுங்கள். அந்தத் தம்பியிடம் அது இல்லை.

வழக்குப் போட்டால், வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று தம்பி தரப்பு வாதாடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்கிறார் வக்கீல். வந்த சரக்கில் ஒன்றைக்கூட நான் விற்கவில்லை, விற்கப் போவதுமில்லை.

தம்பி இப்போது ஈரோடு, நாமக்கல் பக்கம் ஆர்டர் பிடிப்பதாகக் கேள்வி. அனுப்புகிற போட்டோவில் இருப்பது என் சாம்பிள் யானை. இடது காதில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதைப் பார்த்தால் முன்பணம் போடாதீர்கள்.