ஏரிக்காகவே மலையேறுவதென்றால் கொடைக்கானலா, ஊட்டியா, ஏற்காடா?

மூன்று ஊருக்கும் பல தடவை போய் வந்தவன் நான். லீவுக்கு எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், ஏரியைப் பார்க்கப் போகிறீர்களா, ஊரைப் பார்க்கப் போகிறீர்களா என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். ஏரிதான் என்றால் யோசிக்கவே வேண்டாம், கொடைக்கானல்.

காரணம் படகு இல்லை, நடை. கரையை ஒட்டியே சுமார் 5 கிலோமீட்டருக்குச் சாலை ஓடுகிறது, முழு ஏரியையும் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே நிற்கலாம். நட்சத்திர வடிவம் என்பதால் தண்ணீர் ஒரு வளைவில் விலகிப்போய் அடுத்த வளைவில் காலடிக்கே வந்துவிடும், அதனால் ஒரே ஏரியைப் பத்து விதமாகப் பார்த்த மாதிரி இருக்கும். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863ல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி இது. வத்தலகுண்டு பாதையில் ஏறும்போது வெள்ளி அருவிப் பக்கம் எல்லாரும் வண்டியை நிறுத்துவார்களே, அங்கே விழுவது இந்த ஏரியின் உபரி நீர்தான். அருவி கனமாக விழுந்தால் மேலே ஏரி நிறைந்திருக்கிறது என்று சந்தோஷமாக ஏறலாம்.

போன தடவை அம்மாவையும் கூட்டிப் போனேன். அவருக்கு முட்டிவலி. காலை ஆறரைக்குப் பனி விலகாத நேரத்தில் மெதுவாக நடக்க ஆரம்பித்து, நடுநடுவே உட்கார்ந்து, ஒரு டீயும் வேகவைத்த கடலையுமாக இரண்டரை மணி நேரத்தில் சுற்றை முடித்துவிட்டார். மறுநாளும் போகலாமா என்று அவரே கேட்டார். ஒன்பது மணி தாண்டினால் வாடகை சைக்கிளும் குதிரையும் காரும் சாலையை நிறைத்துவிடும், பெரியவர்களோடு நடப்பது சிரமம். அதனால் அறையை ஏரிக்குப் பக்கத்திலேயே எடுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

ஊட்டி ஏரியில் இந்த நடை கிடைக்காது. டிக்கெட் வாங்கி படகு இல்லத்துக்குள் போக வேண்டும், படகு ஏற வேண்டும், திரும்ப வேண்டும். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உருவாக்கியபோது ஏரி இப்போதைவிடப் பெரியது. இன்றைக்குப் பேருந்து நிலையம் இருக்கும் இடமும் பழைய குதிரைப் பந்தய மைதானமும்கூட அப்போது தண்ணீர்தான். நகரத்தின் நடுவே ஓடி வரும் கோடப்பமந்து கால்வாய் அத்தனை வீட்டுக் கழிவையும் சுமந்துகொண்டு இந்த ஏரியில் கலக்கிறது, அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கணக்கு வேறு. மிதிபடகு, விளையாட்டு, தின்பண்டம் என்று அரைநாள் அவர்களுக்குப் போதும். அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயில்! அந்தப் பயணத்துக்காக ஊட்டி போவது முழுக்க நியாயம், இறங்கினால் ஏரியும் நடக்கும் தூரத்தில்தான். ஊட்டிப் பக்கம் நல்ல நீர்ப்பரப்பு வேண்டும் என்றால் கூடலூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி பைக்காரா அணை ஏரிக்குப் போங்கள், காடும் தண்ணீரும் அங்கேதான் சேர்ந்து கிடைக்கும்.

ஏற்காடு? சேலத்துக்காரர்களுக்கும் ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்களுக்கும் அருமை. 20 கொண்டை ஊசி வளைவு, மேலே ஏறியதும் ஊரின் நடுவில் ஏரி, எதிரிலேயே அண்ணா பூங்கா. உயரம் 1,500 மீட்டர் அளவுதான், மற்ற இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல், ஆக அந்தக் குளிரை இங்கே எதிர்பார்க்காதீர்கள். செலவு குறைவு. ஏரிக்காக இரண்டு நாள் தங்கும் அளவுக்கு இல்லை.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி, நீலகிரிக்கு 6,000, 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். எனவே தேதி முடிவானதும் பதிவு செய்துவிடுங்கள், அரசுப் பேருந்தில் போனால் இந்த வேலையே இல்லை. மழையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஊட்டியை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவம் நனைக்கும், கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில்தான் கனமழை. நான் ஜனவரி கடைசியில் போவேன். குளிர் கடிக்கும், கூட்டம் இருக்காது.

இதையெல்லாம் விட அமைதியான ஏரி ஒன்று கொடைக்கானலிலேயே இருக்கிறது, பேரிஜம். ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, காட்டுக்குள். பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது அதுதான், படகு கிடையாது, கடை கிடையாது, தண்ணீரில் இறங்கவும் கூடாது. வனத்துறை அனுமதியோடு ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் அதுவும் இல்லை. அதனால் முதல் நாள் காலையிலேயே முயற்சி செய்யுங்கள். அன்றைக்கு அனுமதி கிடைக்காவிட்டாலும் மறுநாள் ஒன்று கையில் இருக்கும்.