666 பெட்டி வீட்டிலேயே: எந்தச் சாமான் தேறுகிறது, எது தேறவில்லை

1994-ல் வந்த ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் கறுப்பு பிரீஃப்கேஸைச் செய்து பார்க்க ஆசைப்படாத ப்ராப் (படத்தில் கையாளும் பொருள்) பிரியர் குறைவு. நம்பர் லாக்கில் 666, மூடியைத் தூக்கியதும் முகத்தில் பொன்னிற ஒளி, உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் கடைசிவரை காட்டப்படாது. படப்பிடிப்பில் உள்ளே இருந்தது விளக்கும் பேட்டரியும்தான். ஆகவே செதுக்க, வார்க்க, வண்ணம் தீட்ட எதுவுமில்லாத, முதல்முறை செய்பவருக்கு ஏற்ற ப்ராப் இது. ஆனால் பலரும் பெட்டிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு விளக்கில் மிச்சம் பிடிக்கிறார்கள். பெட்டியை எவரும் இரண்டு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. பார்ப்பது முகத்தில் விழும் ஒளியை. இதற்காக வாங்கக்கூடிய சாமான்களை அந்தக் கணக்கில்தான் மதிப்பிட வேண்டும்.

முதலில் பெட்டி. 18 அங்குல அட்டாஷே கேஸ் போதும். புதிதாக விற்கும் ரெக்ஸின் கேஸ்களைவிட, பழைய சாமான் கடையில் கிடைக்கும் மரச்சட்டம் போட்ட கேஸுக்கே என் ஓட்டு. மரச்சட்டத்தில் அரை அங்குல ஸ்க்ரூ உள்ளிருந்தே பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வார்ப்பு பிளாஸ்டிக் கேஸில் சுவர் மெல்லியது. ஸ்க்ரூ போட்டால் மறுபக்கம் எட்டிப்பார்க்கும், ஒட்டலாமென்றால் கரைப்பான் கலந்த பசை பிளாஸ்டிக்கையே இளக்கிப் பள்ளமாக்கிவிடும். ஓரத்தில் அலுமினியப் பட்டை ஓடும் டூல் கேஸ் உறுதியில் மூன்றையும் மிஞ்சும். ஆனால் பார்த்த மாத்திரத்தில் வேறு படத்துப் பெட்டி.

பழைய கேஸ் வாங்கும்போது பூட்டைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, மூடியைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு பக்கக் கைகள். ஒன்று தளர்ந்திருந்தாலும் மூடி பின்னால் சாய்ந்துவிடும். அப்புறம் ஒளி முகத்துக்கு வராமல் கூரைக்குப் போகும். 95 முதல் 100 டிகிரிக்குள் நின்றால் நல்லது. நம்பர் தெரியாத பூட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். மூன்று சக்கரம் என்றால் அதிகபட்சம் ஆயிரம் எண்கள்தான். எண்ணுக்கு இரண்டு நொடி வைத்தாலும் ஒரு பக்கத்துக்கு முப்பத்து மூன்று நிமிடம்.

இனி விளக்கு. கடையில் ‘ஆம்பர்’ என்று கேட்டு வாங்குவதுதான் இந்த வேலையில் முதல் சறுக்கல். ஒற்றை நிற ஆம்பர் எல்ஈடி ஏறக்குறைய 590 நானோமீட்டர் பக்கத்தில் மட்டும் ஒளிவிடும். சிவப்பும் பச்சையும் அதில் கிட்டத்தட்ட இல்லாததால் தோலின் நிற வேறுபாடுகள் எல்லாம் செத்துவிடும். பழைய சோடியம் தெருவிளக்கின் அடியில் நின்றால் முகம் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருக்கும். பல வண்ணம் மாற்றும் ஆர்ஜிபி ஸ்ட்ரிப்பில் ஆரஞ்சு வைத்தாலும் சிக்கல் ஏறக்குறைய இதேதான்; சிவப்பு, பச்சை இரண்டு கூர்முனைகள் மட்டும் இருக்கும், நடுவில் பள்ளம்.

சரியாக வேலை செய்வது 2,700 கெல்வின் (ஒளியின் நிற அளவு, எண் குறையக் குறைய ஆரஞ்சு கூடும்) வார்ம் ஒயிட் சிஓபி ஸ்ட்ரிப். புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே கோடாக எரியும் வகை. அதன்மேல் சினிமா விளக்குகளுக்குப் போடும் சிடிஓ ஜெல் (ஒளியை ஆரஞ்சாக்கும் வண்ணத் தாள்) ஒன்று. லீ நிறுவனத்தின் 205 எண், அதாவது அரை சிடிஓ, நிறத்தை 109 மிரெட் நகர்த்தும். மிரெட் என்பது பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வரும் எண். 2,700 கெல்வின் என்பது 370 மிரெட். இரண்டையும் கூட்டினால் 479, கெல்வினில் ஏறக்குறைய 2,090. முழு சிடிஓவான 204 போட்டால் 1,900-க்கு இறங்கி மெழுகுவர்த்திச் சுடரின் நிறம் வந்துவிடும். ஆனால் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட பாதியை அது தின்றுவிடுகிறது. அரை சிடிஓவும், மூடியின் உட்புறத்தில் தங்க நிறமும் சேர்ந்தால் அதே நிறம் கிடைக்கும், இழப்பும் குறைவு. ஸ்டேஷனரி கடையில் விற்கும் ஆரஞ்சு கண்ணாடிப் பேப்பர் மலிவுதான், ஆனால் தாளுக்குத் தாள் சாயம் மாறும், சூட்டில் சுருங்கும். ஒத்திகைக்கு மட்டும் பரவாயில்லை.

காரின் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் ஆம்பர் பல்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இழை பல்பு என்பதால் நிறமாலை தொடர்ச்சியாக இருக்கும், தோல் உயிரோடு தெரியும். பார்க்கும் அழகில் எந்த எல்ஈடியும் அதற்கு ஈடில்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1.75 ஆம்பியர் இழுக்கும், கண்ணாடி 100 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். வெல்வெட்டும் அட்டையும் ஒட்டிய பெட்டிக்குள், மூடி சாத்தியபின் சுவிட்ச் சிக்கி அது எரிந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. உலோகத் தகட்டில் ஹோல்டரைப் பொருத்தி, மூடி திறந்த நிலையில் ஓரிரு நிமிட ஷாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அலமாரியில் வைக்கிற பெட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? அந்தப் படத்தை எடுத்தது 50 ஏஎஸ்ஏ (இன்றைய ஐஎஸ்ஓ போன்ற ஒளியுணர்வு எண்) ஃபிலிமில், மிக மந்தமானது. போன் கேமராவை ஐஎஸ்ஓ 400-ல் வைத்தால் அதில் எட்டில் ஒரு பங்கு வெளிச்சமே போதும். மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப்பில் 40 செ.மீ. துண்டுகள் இரண்டு, ஆக மொத்தம் 8 வாட், மங்கலான அறையில் முகத்தை நன்றாகவே எடுத்துக்கொடுக்கும்.

அதை எங்கே ஒட்டுவது என்பதில்தான் பெட்டியின் விதி இருக்கிறது. அடித்தட்டில் பரப்பி மேலே ஒப்பல் அக்ரிலிக் (பால்வெள்ளைத் தகடு) போடுவது பரவலான முறை. ஒளி நேர்கீழிருந்து தாடைக்கு அடியில் போய் விழுந்து, பேய்ப்பட முகம் வந்துவிடும். போதாக்குறைக்கு, ஸ்ட்ரிப் வரிசைகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அக்ரிலிக் நெருக்கமாக இருந்தால் கோடுகள் அப்படியே தெரியும். அந்த உயரத்தைக் கொடுத்தால் பேட்டரிக்கு இடமிருக்காது. மாற்று வழி எளிது. பூட்டு இருக்கும் முன்சுவரின் உட்பக்கத்தில், விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே, முக்கால் அங்குல அலுமினிய எல் ஆங்கிள் 40 செ.மீ. வைத்து, இரண்டு துண்டுகளையும் மூடியைப் பார்த்த மாதிரி சாய்வாக ஒட்டுங்கள். ஒளி முதலில் மூடியின் உட்புறத்தில் பட்டு, அங்கிருந்து திரும்பி முகத்துக்கு வரும். நம்மூர் யூனிட்டில் தெர்மாகோல் பிடித்து பவுன்ஸ் கொடுப்பார்களே, அதே வேலையைப் பெட்டியின் மூடி செய்கிறது. திறப்பவர் கண்ணில் ஸ்ட்ரிப் படாது. மூடிக்குப் பின்னாலிருக்கும் கேமராவுக்கும் தெரியாது. மூடியில் விளக்கே இல்லாததால் கீல் வழியாக ஒயர் போகாது. நாளாவட்டத்தில் மடிந்து மடிந்து அறுந்துபோகும் இடம் அதுதான்.

அலுமினியத்தைத் தவிர்த்து ஈவிஏ ஃபோமில் (மெத்தென்ற நுரைத் தாள்) நேராக ஒட்டுபவர்கள் உண்டு. ஃபோம் சூட்டை வெளியே விடாது. ஸ்ட்ரிப்பின் பின்பசை இளகி, நடுவில் தொங்க ஆரம்பிக்கும். ஆங்கிள் துண்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

மூடியின் உட்பக்கத்துக்கு மேட் கோல்டு வினைல் ஷீட் நன்றாகத் தேறுகிறது. அலங்காரக் கடையின் பளபள தங்க ஃபாயில் கண்ணாடிபோல் வேலை செய்து, ஸ்ட்ரிப்பின் பிம்பத்தைக் கோடாக முகத்தில் போடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால், நன்றாகக் கசக்கி, மறுபடி நீவி ஒட்டினால் பாதி தப்பிக்கலாம். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998: இரு பரப்பிலும் மெல்லப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் வினைல் குமிழ் விடும், மெல்லிய வெல்வெட்டில் பசை ஊறிக் கறை தெரியும். பேட்டரியை மறைக்கும் பொய்த்தளத்துக்கு 5 மி.மீ. சன் போர்டு (நுரை பிவிசி பலகை) போதும். அதன் மேலும் தங்க நிறமே. கறுப்பு வெல்வெட் விரித்தால் அடித்தட்டில் விழும் ஒளி அங்கேயே முடிந்துவிடும்.

மின்சாரம் எங்கிருந்து என்பதில் கருத்து பலவிதம். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பும் 18650 எனும் உருளை லித்தியம் செல் மூன்று தொடராகவும் என்பது கேட்க நன்றாக இருக்கும். முழு சார்ஜில் 12.6 வோல்ட், தீரும்போது 9 வோல்ட் பக்கம் வரும். ஸ்ட்ரிப்புக்குள் மூன்று மூன்று எல்ஈடி தொடராக இருப்பதால் 10 வோல்ட்டுக்குக் கீழே வெளிச்சம் மடமடவெனச் சரியும். பாதுகாப்பு போர்டு இல்லாமல் அந்தச் செல்களைத் தொடவே கூடாது. 5 வோல்ட் ஸ்ட்ரிப்பும் பவர் பேங்கும் இதைவிடச் சாது. 10,000 எம்ஏஎச் பேங்க் 8 வாட்டுக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். ஆனால் ஒரு வில்லங்கம்: மின்சாரம் இழுக்காதபோது பேங்க் தானாகத் தூங்கிவிடும். மூடி சாத்தியிருக்கும்வரை நம் சுவிட்ச் அணைத்து வைத்திருக்கும். மறுபடி திறக்கும்போது சில பேங்க் விழித்துக்கொள்ளும், சில பட்டனை அழுத்தினால்தான் விழிக்கும். நண்பர்கள் முன்னால் மூடியைத் தூக்கி, உள்ளே இருட்டைக் காட்டுவது ஒருவகை நகைச்சுவை. வாங்கும் முன் கடையிலேயே சின்ன யூஎஸ்பி விளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, திரும்பச் செருகிப் பார்த்துவிடுங்கள். அதுவும் கறாரான சோதனை இல்லை. சில பேங்க் பிளக் செருகுவதை உணர்ந்து விழிக்கும், கேபிளின் நடுவில் சுவிட்ச் போட்டால் விழிக்காது. இடையில் சுவிட்ச் உள்ள கேபிள் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

தூக்கமே வராத வழி, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் ஏஏ செல் நான்கு. 4.8 வோல்ட், 2,000 எம்ஏஎச் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியும். ஷூட்டிங்குக்கு அது தாராளம், என் பரிந்துரையும் அதுவே. சாதாரண ஆல்கலைன் நான்கு போட்டால் புதிதில் 6 வோல்ட். 5 வோல்ட் ஸ்ட்ரிப் சூடாகும், அதோடு 8 வாட்டுக்கு வேண்டிய 1.6 ஆம்பியருக்கு அந்தச் செல்கள் சீக்கிரமே மூச்சுவாங்கும். செல் ஹோல்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய ஸ்ப்ரிங் வைத்ததில் அந்த ஸ்ப்ரிங்கே சுட்டு, வோல்ட்டேஜைக் குடித்துவிடும். எதுவானாலும் பாசிட்டிவ் ஒயரில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று, ஒயர் 0.5 சதுர மி.மீ. இரண்டு ஸ்ட்ரிப் துண்டுக்கும் தனித்தனியாக ஒயர் கொடுங்கள். ஒன்றின் வாலில் மற்றதைக் கோத்தால் இரண்டாவது மங்கும்.

சுவிட்சில் நெம்புகோல் வைத்த மைக்ரோ சுவிட்சே சிறந்தது. மூன்று கால் இருக்கும்: காமன் (பொது), என்.ஓ. (அழுத்தினால் இணையும்), என்.சி. (அழுத்தினால் துண்டிக்கும்). மூடி அழுத்தும்போது அணைய வேண்டும் என்பதால் காமனும் என்.சி.யும். அவசரத்தில் என்.ஓ.வில் கொடுத்துவிட்டால் பெட்டி மூடியபின் உள்ளே எரியும், பேட்டரி தீரும்வரை யாருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜ் கதவு சுவிட்சும் இதே தர்க்கத்தில் இயங்குவதால் உதவும், ஆழம்தான் சற்று அதிகம். காந்தத்தில் இயங்கும் ரீட் சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்று வாங்குகிறார்கள். சின்னக் கண்ணாடி ரீட் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தாங்கும், 1.6-ல் அதன் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். போதாததற்குப் பெரும்பாலானவை காந்தம் அருகே வந்தால் இணையும் வகை, நமக்கு வேண்டியதற்கு நேர்மாறு. மைக்ரோ சுவிட்சைக் கீல் பக்கம் வைக்காமல் முன் மூலையில் வையுங்கள். அங்கே மூடி ஒரு செ.மீ. எழுந்தாலே விளக்கு வந்துவிடும். ஒளி முதலில் கீற்றாகக் கசிந்து, பிறகு முகத்தில் பரவும்.

படம் எடுக்கும்போது போனின் ஒயிட் பேலன்ஸை 5,000 கெல்வின் பக்கம் பூட்டிவையுங்கள். தானியங்கியில் விட்டால் இத்தனை பாடுபட்ட ஆரஞ்சை அது வெள்ளையாக்கித் தரும். வெளிச்சம் அதிகமென்று மலிவான டிம்மர் போட்டால் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். அதற்கு ஸ்ட்ரிப் துண்டு ஒன்றைக் கழற்றிவிடுவதே மேல். ஒயரும் செல்லும் உள்ள பெட்டியோடு மெட்ரோவிலோ விமானத்திலோ போவதென்றால் செல்களைக் கழற்றித் தனியாகக் கைப்பையில் கொண்டுபோங்கள். ஸ்கேனரில் இருப்பவருக்கு சினிமா கதை சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

666 வைப்பதைக் கடைசிக்கு விடுங்கள். பெரும்பாலான பூட்டுகளில் திறந்த நிலையில் சக்கரத்தின் அருகே சின்ன லீவர் ஒன்று இருக்கும். அதைத் தள்ளிப் பிடித்து, எண்ணை வைத்து, பழைய இடத்துக்கே திரும்பத் தள்ள வேண்டும். அது பாதியில் நின்றால் சக்கரம் சுற்றும்போதெல்லாம் எண் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு பூட்டுக்கும் மூடியைத் திறந்து வைத்தபடியே தாழை அடித்து அடித்து இரண்டு மூன்று தடவை சோதித்துவிட்டு, அதன்பிறகு மூடுங்கள்.