விபத்து வழக்குக்கு வழக்கறிஞர்: பினாங்கில் எங்கள் குடும்பத்தின் அனுபவம்

என் தங்கையின் கணவர் பட்டர்வொர்த் அருகே மோட்டார் சைக்கிளில் சென்றபோது லாரி மோதி இறந்தார். மறுநாள் காலை, உடலைப் பெறுவதற்காகச் சவக்கிடங்கின் வாசலில் காத்திருந்த எங்களிடம் ஒருவர் வந்து, "அண்ணே, நானும் இந்தப் பக்கத்து ஆள்தான்" என்று ஆறுதல் சொன்னார். பத்து நிமிடத்தில் அவர் கையில் ஒரு படிவமும் பேனாவும் இருந்தன. "ஒரு காசும் கட்ட வேண்டாம், தங்கச்சி. காப்புறுதிப் பணம் வந்த பிறகு மூன்றில் ஒரு பங்கை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்றார். தங்கை அழுதுகொண்டே கையெழுத்திட்டாள். எந்த வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தோம் என்பதுகூட எங்களுக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு ஓராண்டு ஒன்பது மாதங்கள் எந்தத் தகவலும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், "நடந்துகொண்டிருக்கிறது" என்பதே பதில். ஒருவர் இறந்ததால் அவரைச் சார்ந்திருந்தோர் இழப்பீடு கோரும் வழக்கை, மலேசியாவின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி, அவர் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும் என்பதை நான் தற்செயலாகத்தான் அறிந்தேன். சாதாரணக் காய வழக்குக்குரிய 6 ஆண்டுக் கெடுவை மனத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் நிம்மதியாக இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றும் பதைக்கிறது.

வேறு வழக்கறிஞரைத் தேடத் தொடங்கினோம். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால், அவர் தொழில் நடத்துகிறாரா, எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்பது இலவசமாகத் தெரிந்துவிடும். மிகப் பயனுள்ள சேவை. ஆனால் அவர் எந்த வகை வழக்கில் தேர்ந்தவர் என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. நேரில் போய்த்தான் அறிய வேண்டும்.

மூவரைப் பார்த்தோம். முதலாமவர் வீடு, நில ஆவணங்கள் எழுதுபவர். விபத்து வழக்கு தமக்குப் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். இரண்டாமவர் இறந்தவரின் வயதைக்கூடக் கேட்காமல், "3 லட்சம் ரிங்கிட் வாங்கித் தருகிறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மூன்றாமவர் ஜார்ஜ்டவுனில் சிறிய அலுவலகம் நடத்தும் பெண்மணி. போலீஸ் புகார், சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமநிதிக் கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை முதலில் கேட்டார். இறந்தவரின் வயது 38 என்றதும் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 60இலிருந்து 38ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 11, மாத வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, குடும்பத்துக்குக் கிடைத்துவந்த மீதியை 11 ஆண்டுகளுக்குப் பெருக்க வேண்டும், அதனுடன் துயர இழப்பீடாக 30,000 ரிங்கிட் சேரும், அது 2019 செப்டம்பருக்கு முன் 10,000 ஆகத்தான் இருந்தது, தவறு முழுவதும் லாரி ஓட்டுநருடையது அல்ல, இறந்தவருக்கும் அதில் பங்குண்டு என்று நீதிமன்றம் கருதினால் மொத்தத் தொகை அந்த விகிதத்தில் குறையும். "அவருடைய அம்மாவுக்கு மாதாமாதம் பணம் கொடுத்து வந்தாரா?" என்றும் கேட்டார். சார்ந்திருந்த அனைவருக்குமாக ஒரே வழக்குத்தான் தொடுக்க முடியும் என்பதால், தங்கையின் மாமியாரையும் அதில் சேர்க்க வேண்டியிருந்தது. அதுவரை அந்த மூதாட்டியைப் பற்றி ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை.

கட்டணத்தையும் முதல் நாளிலேயே எழுதித் தந்தார். வென்றால் மட்டுமே கட்டணம் என்னும் ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு தடுக்கிறது என்பதையும், சவக்கிடங்கு வாசலில் பேசிய மூன்றில் ஒரு பங்கு ஏன் செல்லாது என்பதையும் அவர்தான் விளக்கினார். பழைய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கோப்பை வரவழைத்தபோது, அதில் போலீஸ் புகாரின் நகலும் தங்கை கையெழுத்திட்ட தாளும் மட்டுமே இருந்தன.

குறையையும் சொல்ல வேண்டும். அவரிடம் உதவியாளர் ஒருவர்தான் இருக்கிறார். அழைத்தால் பதில் வர மூன்று நான்கு நாளாகும். மலாய் மொழியில் இருந்த மனுக்களைத் தமிழில் விளக்கும்படி ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் பொறுமையாக விளக்குவார். கெடு முடிய ஐந்து மாதங்கள் இருக்கும்போது செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கைப் பதிந்தார். விசாரணைக்கு முன்பே காப்புறுதி நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அந்தத் தொகையை ஏற்கலாமா என்பதைத் தங்கையிடமும் மாமியாரிடமும் தனித்தனியே கேட்ட பிறகே சம்மதம் தெரிவித்தார்.

காசோலையோடு இரண்டு பக்கக் கணக்குத் தாளும் வந்தது. நீதிமன்றப் பதிவுக் கட்டணம், மருத்துவமனை அறிக்கைக்குக் கட்டியது, அவருடைய கட்டணம், நாங்கள் முன்பே கொடுத்திருந்த பணம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் இருந்தன. தங்கை அதைச் சமையலறை மேசையில் விரித்து வைத்து, மாமியாருக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள்.