எம்.ஏ. மகளிரியல் சேரலாமா? படித்தவள் சொல்கிறேன்

பி.காம். முடித்துவிட்டு, தென் மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மகளிரியல் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். "கோலம் போடக் கத்துக்கொடுப்பாங்களா?" என்று கேட்டார் சித்தப்பா.

வகுப்பில் 11 பேர். பாலியல்பு பற்றிய தாள் இரண்டாம் செமஸ்டரில் வந்தது. முதல் நாள் மேடம் பலகையில் பால், பாலினம், பாலீர்ப்பு என்று எழுதினார். திருநர்களையும் தன்பாலீர்ப்பு உள்ளவர்களையும் உங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். வாயைத் திறக்கவே கூச்சம். எங்களுக்குத் தெரிந்ததில் பாதி வசைச்சொல். அப்புறம்தான் இவர்களை மரியாதையாகக் குறிப்பிட 2022-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியலைக் கையில் கொடுத்தார். கட்டின ஃபீஸுக்கு அன்றைக்கே கணக்கு நேராகிவிட்டது.

அடுத்து களப்பணி. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது 2013-ல். பத்துப் பேர் வேலை பார்த்தாலே உள்ளகப் புகார்க் குழு வைக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். நாங்கள் போன நூற்பாலையில் குழுவின் பெயர்ப்பலகை மேனேஜர் அறையில், பீரோவுக்குப் பின்னால் தொங்கியது. வெளி உறுப்பினர் என்று போட்டிருந்த ஓய்வுபெற்ற டீச்சருக்கு போன் செய்தோம். "நானா? எப்போலேர்ந்தும்மா?" என்றார். புகார் தர மூன்று மாதம், விசாரணைக்கு 90 நாள் என்று சட்டத்தில் மனப்பாடம் செய்தது எல்லாம் அந்த பீரோ முன்னால்தான் எனக்குப் புரிந்தது.

குறை? நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் ஒரு தட்டுகூடத் தேறாது. வேலைவாய்ப்புப் பிரிவில், "உங்க டிபார்ட்மென்டுக்குக் கம்பெனி வராதும்மா" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மைய வேலைக்கு நான் பார்த்த விளம்பரங்களில் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) அல்லது உளவியல்தான் கேட்டார்கள். இதைச் சேரும்போதே ஒருவர் சொல்லியிருக்கலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வில் மகளிரியல் ஒரு பாடமாக இருக்கிறது, உண்மைதான்; தேறினாலும் உட்கார நாற்காலி எத்தனை காலியாகும்?

எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில், ஆலைகளின் புகார்க் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சம்பளம் 19,000. வேலை பிடித்திருக்கிறது, சம்பளம் பிடிக்கவில்லை.

கவுன்சலிங் செய்யத்தான் ஆசை என்றால் உளவியலுக்குப் போங்கள். இதில்தான் சேருவேன் என்றால், பணம் கட்டுமுன் துறைக்கு நேரில் போய்க் களப்பணி எத்தனை நாள் என்று கேளுங்கள். எங்களுக்கு 30 நாள்.