கிராப் முடியோடு பல வருடங்கள்: கதைகள் சொன்னதும் சொல்லாததும்

மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப் பெண் கிராப் வெட்டிக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்பவர்களில் கதை படிக்கிற பெண்கள்தான் அதிகம். நாயகி கத்தரிக்கோலை எடுக்கிறாள், ஜடை தரையில் விழுகிறது, அடுத்த பக்கத்தில் அவள் வேறு ஆள். எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் வருடக்கணக்கில் இந்தத் தலையோடு வாழ்ந்த பிறகு, அந்தக் கதைகளில் எது தாங்கும், எது தாங்காது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

முதலில் நடைமுறை. இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு இதைவிடச் சுகம் கிடையாது. தலைக்கு ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பலாம், பின்கழுத்தில் வேர்க்குரு வராது, மோட்டாரில் பாலம் தாண்டி பட்டர்வொர்த் போய் ஹெல்மெட்டைக் கழற்றினால் கையாலேயே கோதிவிட்டுக் கொள்ளலாம். எண்ணெய்ச் செலவு குறையும், வெட்டும் செலவு ஏறும். மாதா மாதம் வெட்டாவிட்டால் காதுக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். ஜார்ஜ் டவுனில் நம்மவர் கடை ஒன்றில் ஏறினேன், நாற்காலி காலியாகத்தான் இருந்தது, "லேடீஸுக்கு வெட்டுறதில்லக்கா" என்று துண்டை உதறி மடித்து வைத்துவிட்டார். பெண்கள் சலூனில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். கதையில் கத்தரி ஒரு முறைதான் வரும், வாழ்க்கையில் ஒவ்வொரு மாதமும் வரும்.

அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1920இல் எழுதிய ஒரு சிறுகதையில் நாயகி பெர்னிஸும் ஆண்கள் முடிவெட்டும் கடைக்குத்தான் போகிறாள். அப்போது குட்டை முடி வெட்ட அங்கேதான் போக வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அது விடுதலைக் காட்சி. ஆனால் உறவுக்காரப் பெண் மார்ஜரி சீண்டிவிட்டு, எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, பின்வாங்க வழியில்லாமல்தான் வெட்டிக்கொள்கிறாள். வெட்டிய பிறகு அழகும் போகிறது, சுற்றி வந்த பையன்களும் போகிறார்கள். அன்றிரவே மார்ஜரி தூங்கும்போது அவளுடைய இரண்டு ஜடைகளையும் நறுக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவள் சுதந்திரம் தெரிகிறது. சொந்த முடியை வெட்டிய இடத்தில் தெரியவில்லை.

‘லிட்டில் விமன்’ நாவலின் ஜோ, நோயில் விழுந்த அப்பாவுக்காகத் தன் முடியை 25 டாலருக்கு விற்கிறாள். ஓ. ஹென்றியின் சிறுகதையில் வரும் டெல்லா, கணவனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க 20 டாலருக்கு விற்கிறாள். இருவரையும் எனக்குப் பிடிக்கும். ஜோ பகல் முழுக்கத் தைரியமாக இருந்துவிட்டு ராத்திரி முடிக்காக அழுகிறாளே, அது அசல். ஆனாலும் இரண்டு பேர் முடியும் யாருக்கோதான் போகிறது. அது தியாகம். அதைச் சுதந்திரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

நம் பக்கம் கதையே வேறு. புறநானூறு 261இல் ஆவூர் மூலங்கிழார், வீரனை இழந்த வீட்டைப் பார்த்து, தலைமயிர் கொய்து நகை களைந்த கைம்பெண்ணைப் போலப் பொலிவிழந்தாய் என்கிறார். முடி போவது இங்கே பெண்ணுக்கு விழுந்த அடி. அதனால்தானோ என்னவோ, நம் கதைகளில் பெண் எழுந்து நிற்கும்போது முடி வெட்டப்படுவதில்லை, அவிழ்கிறது. பாரதியின் பாஞ்சாலியோ துச்சாதனன், துரியோதனன் இருவர் ரத்தமும் பூசாமல் கூந்தலை முடிக்க மாட்டேன் என்கிறாள். மெய் சிலிர்க்கும், சரி, ஆனால் அந்தச் சபதம் நிறைவேற பீமன் கை வேண்டியிருக்கிறது. கண்ணகிக்கு யாரும் வேண்டாம். விரித்த கூந்தலும் ஒற்றைச் சிலம்புமாகத் தானே அரசவைக்குப் போய் நிற்கிறாள், பாண்டியன் தோற்கிறான். என் ஓட்டு எப்போதும் கண்ணகிக்குத்தான்.

முடி யாருக்காகப் போகிறது என்ற இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் கண்டுபிடிக்கவில்லை. என் தலையைப் பார்த்ததும் மக்கள் கேட்கும் முதல் கேள்வி "வேண்டுதலா?", இரண்டாவது, குரலைத் தாழ்த்தி, "உடம்புக்கு முடியலையாம்மா?" தைப்பூசத்தன்று இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி இறங்கி வரும் பெண்ணிடம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், அது முருகனுக்குப் போயிற்று. சாமிக்குக் கொடுத்தால் புரிகிறது, நோய் எடுத்துக்கொண்டாலும் புரிகிறது. "எனக்குப் பிடிச்சது, வெட்டினேன்" என்றால் மட்டும் எதிரில் இருப்பவர் மீதிக் கதைக்காகக் காத்திருக்கிறார்.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அத்தை பையிலிருந்து சவுரியை எடுத்தார். "ஒரு நாளைக்குத்தானம்மா, போட்டோவுல நல்லா இருக்கும்." என் முடியில் கொண்டை ஊசி நிற்கவே இல்லை, மூன்று பேர் சேர்ந்து குத்திப் பார்த்தார்கள், சவுரி சரிந்து சரிந்து தோளில் விழுந்தது. கடைசியில் அத்தையே மல்லிகைச் சரத்தை என் மணிக்கட்டில் சுற்றிக் கட்டிவிட்டு, "சரி போ, இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தப் படம் இன்னும் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இப்படி ஒரு கல்யாண வீட்டைக் கத்தரிக்குப் பிறகு எந்த நாவலாவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், உடனே வாங்கிப் படிக்கிறேன்.

வெட்டலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: தாராளமாக வெட்டுங்கள். எடுத்த எடுப்பில் கிராப்புக்குப் போகாமல் தோள் அளவில் நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் இருந்து பாருங்கள். சுருட்டை முடி என்றால் சுருட்டை முடி வெட்டிப் பழகியவரிடம் மட்டும் போங்கள். யாராவது சீண்டி வெட்டச் சொன்னால் அன்றைக்கு வேண்டாம்.