‘நியாயம்’ கிடைக்காத கீபோர்டு: 25,000 ரூபாய்க்குள் ஒரு கையடக்கக் கணினி வாங்கலாமா?

மூன்று மாதமாக பிரவுசரில் ஒரு டேபை மூடாமல் வைத்திருக்கிறேன். யு-கன்சோல். க்ளாக்வொர்க்பை என்கிற நிறுவனம் 2022-ல் அறிவித்த கையடக்கக் கணினி. அலுமினிய உடல், 5 அங்குலத் திரை, அடியில் குட்டி கீபோர்டு, நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு டிராக்பால். படத்தைப் பார்த்தாலே கை பரபரக்கும். சின்ன வயதில் வீடியோ கேம் கேட்டு வாங்கித்தரப்படாத பிள்ளைகளைக் குறிவைத்தே செய்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

என் தேவை பெரிதல்ல. தினமும் திருவள்ளூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறேன், அதே போல் வருகிறேன். அந்த நேரத்தில் மெய்ப்புத் திருத்த வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும், அவ்வப்போது ஒரு சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குக் கட்டளை கொடுக்கும் வழி) வழியே நுழைந்து ஏதாவது சரிசெய்ய வேண்டும். முக்கால்வாசி வேலை தமிழில் தட்டச்சு செய்வதுதான். கையில் 25,000 ரூபாய். அதற்கு மேல் போனால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

களத்தில் இருந்தவை ஐந்து: யு-கன்சோல், ஜிபிடி என்கிற நிறுவனத்தின் மைக்ரோபிசி என்கிற குட்டி லேப்டாப், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்கிற கையடக்க விளையாட்டுக் கணினி, ஏற்கெனவே கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனோடு ஒரு மடக்கு கீபோர்டு, சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய திங்க்பேட் லேப்டாப்.

முதலில் கழிந்தவை

ஸ்டீம் டெக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2022-ல் வந்தபோது ஆரம்ப விலை 399 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரிக்கு முன்பே 35,910. இந்தியாவில் வால்வ் இதை நேரடியாக விற்கவும் இல்லை. 16 ஜிபி ரேம், 7 அங்குலத் திரை, பட்டனை அழுத்தினால் தூங்கி, அழுத்தினால் விழிக்கும் வேகம் எல்லாம் அருமைதான். ஆனால் கீபோர்டு கிடையாது, எடை 669 கிராம். இன்னொரு சிக்கல், அதன் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸில் சிஸ்டம் பகுதி பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறந்து பேக்மேன் என்கிற நிறுவும் கருவி மூலம் எதையாவது நிறுவினால், அடுத்த அப்டேட்டில் அது காணாமல் போய்விடும். தமிழ் உள்ளீட்டுக்கான பொதிகளை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட எனக்குப் பொறுமை இல்லை. விளையாடுகிறவர்களுக்கு இது வேறு கணக்கு.

போன் வழி செலவே இல்லாதது. டெர்மக்ஸ் என்கிற லினக்ஸ் கட்டளைச் செயலியைப் போட்டால் எஸ்எஸ்ஹெச், கிட், பைத்தான் எல்லாம் வந்துவிடும் (பிளே ஸ்டோரில் எடுக்காதீர்கள், எஃப்-டிராய்டு என்கிற திறமூலச் செயலிக் களஞ்சியத்தில் எடுங்கள்). ஆனால் ஆண்ட்ராய்டு 12-லிருந்து, செயலிகள் பின்னணியில் பெற்றுப்போடும் புராசஸ்கள் 32-ஐத் தாண்டினால் சிஸ்டமே கொன்றுவிடுகிறது. நீளமாக ஏதாவது ஓட விட்டு வாட்ஸ்அப் பக்கம் போய்த் திரும்பினால் சில நேரம் அங்கே சவம்தான் கிடக்கும். அதைவிட, தொடுதிரையில் நன்றாகத் தமிழ் தரும் செயலிகள் பலவும் வெளிக் கீபோர்டைச் செருகியதும் கையை விரித்துவிடுகின்றன. மடக்கு கீபோர்டை மடியில் வைத்தால் நடுவில் தொய்கிறது. நின்றுகொண்டு போகிற நாளில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆக, மூன்று மிச்சம்.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

யு-கன்சோலின் ஆரம்ப விலை 139 டாலர் என்று அறிவித்தார்கள். 90 ரூபாய் கணக்கில் 12,510. பாதி பட்ஜெட்தானே என்று நானும் துள்ளினேன். அந்த விலை ரிஸ்க்-ஃபைவ் என்கிற வகைப் பிராசசர் சில்லு வைத்த ஆர்-01 மாடலுக்கு. ஒரே ஒரு கோர், 1 ஜிபி ரேம். பிரவுசரைத் திறந்துவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். நான்கு கோர் கொண்ட ராஸ்பெர்ரி பை சிஎம்4 என்கிற குட்டிக் கணினிப் போர்டு போட்ட மாடல் விலை கூட. அதன் மேல் கூரியர், சுங்க வரி, ஐஜிஎஸ்டி, அந்த வரியைக் கட்டித் தந்ததற்காகக் கூரியர்காரர் வாங்கும் கட்டணம்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு பயம் உண்டு. 2023 ஆகஸ்டில் லேப்டாப், டேப்லெட், அதிசிறு கணினிகள் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அரசு அறிவித்தது அல்லவா? அந்த அறிவிப்பிலேயே, தபாலிலோ கூரியரிலோ ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்கு விலக்கும் உண்டு. உரிமத்துக்குத்தான் விலக்கு, வரிக்கு அல்ல. இரண்டு வாங்கி ஒன்றை நண்பருக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

அடுத்தது பேட்டரி. யு-கன்சோலுக்கு 18650 என்கிற உருளை வடிவ லித்தியம் செல் இரண்டு வேண்டும். பெட்டியில் வராது. எனக்கு இது பிடித்த விஷயம்: எங்கும் கிடைக்கிற செல், தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கப் போனேன். கடைக்காரத் தம்பி மூன்று ரகம் எடுத்து வைத்தான். ஒன்றின் மேல் 9,900 எம்ஏஹெச் என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

“இது எப்படி தம்பி? நல்ல கம்பெனி செல்லே 3,500 பக்கம்தானே வருது?”

“சார், அது டார்ச் லைட்டுக்கு வாங்குறவங்களுக்கு. நீங்க கேக்குறதைப் பார்த்தா உங்களுக்கு இது வேண்டாம்” என்று அவனே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

கையில் வைத்துப் பார்த்தாலே தெரியும். உண்மையான 18650 ஒன்று 45 கிராம் வாக்கில் இருக்கும். அந்த 9,900 காலிச் சாக்பீஸ் டப்பா மாதிரி இருந்தது. நல்ல செல் இரண்டுக்கும் ஒரு தொகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காத்திருப்பு. இந்த வகைக் கருவிகளைச் சிறு நிறுவனங்கள் தொகுதி தொகுதியாகச் செய்கின்றன. பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருப்பது இங்கே சகஜம். 2008-ல் முன்பதிவு வாங்கிய பண்டோரா என்கிற கையடக்கக் கணினி ஆட்கள் கைக்கு வர ஆரம்பித்தது 2010-ல். 70 டாலருக்கும் குறைவாக வந்து எல்லோரையும் மயக்கிய பாக்கெட்சிப் என்கிற குட்டிக் கணினியைச் செய்த நெக்ஸ்ட் திங் நிறுவனம் 2018-ல் கடையைக் கட்டிவிட்டது. எனக்கே ஒரு சொந்தக் கதை உண்டு. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து மடக்கு வகைக் குட்டிக் கணினி ஒன்றை வரவழைத்தேன், பெயர் வேண்டாம். இரண்டாம் வருடம் பேட்டரி உப்பி, கீபோர்டையே மேலே தள்ளியது. அந்த அளவில் மாற்று பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. இப்போது மேஜை இழுப்பறையில் பேட்டரி இல்லாமல் கிடக்கிறது. அதனால்தான் மைக்ரோபிசியைப் பார்க்கும்போது கொஞ்சம் தள்ளியே நின்று பார்க்கிறேன்.

மைக்ரோபிசி 2019-ல் வந்தது. 6 அங்குலம், செலரான் என்4100, 8 ஜிபி ரேம். முழு அளவு ஹெச்டிஎம்ஐ, லேன் கேபிள் நேராகச் செருகும் ஓட்டை, பின்னால் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் வரை வைத்திருக்கிறார்கள். சர்வர் அறையில் ஸ்விட்சுகளோடு மல்லுக்கட்டும் நெட்வொர்க் ஆட்களுக்கு இது வரப்பிரசாதம், சந்தேகமே இல்லை. கன்சோல் கேபிளோடு லேப்டாப்பை ஒரு கையில் ஏந்தி ரேக் முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த வேலை இல்லை. புதிதாக என் பட்ஜெட்டுக்குள் வராது. பழையது கிடைத்தால் அதன் பேட்டரி எத்தனை வயது என்பதே முதல் கேள்வி. ரேமும் போர்டிலேயே பற்றவைத்தது.

கீபோர்டின் வலது ஓரம்

இந்தக் கருவிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எவ்வளவோ அலசியிருக்கிறார்கள். பிராசசர், வெப்பம், திரை வெளிச்சம் எல்லாம் உண்டு. நமக்கு முக்கியமான ஒன்று மட்டும் அவற்றில் இருக்காது.

நான் தமிழ்99 என்கிற கீபோர்டு அமைப்பில் தட்டச்சு செய்பவன். அதில் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். இரண்டு கட்டைவிரலால் மாறி மாறித் தட்ட இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. கையடக்கக் கணினிக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஆனால் ஆங்கில எழுத்து 26, தமிழுக்கு அது போதாது. அதனால் தமிழ்99 வலது ஓரத்துக் குறி விசைகளிலும் எழுத்துகளை உட்கார வைத்திருக்கிறது. அரைப்புள்ளி விசையில் ‘ந’. அதற்கு அடுத்த மேற்கோள் விசையில் ‘ய’. சதுர அடைப்பு விசைகளில் ‘ச’வும் ‘ஞ’வும். சாய்கோட்டில் ‘ழ’.

குட்டிக் கீபோர்டில் இடம் பற்றாதபோது முதலில் நகர்த்தப்படுவது இந்த ஓரத்து விசைகள்தான். ஆங்கிலம் அடிப்பவருக்கு அரைப்புள்ளி எங்கே இருந்தால் என்ன? எப்போதாவது வருவது. நமக்கோ ‘ந’வும் ‘ய’வும் ‘ச’வும் வரிக்கு வரி வரும். ‘நியாயம்’ என்று அடித்துப் பாருங்கள்: ஒரு ‘ந’, இரண்டு ‘ய’. யு-கன்சோலிலும் மைக்ரோபிசியிலும் குறி விசைகள் வழக்கமான இடத்தில் இல்லை. கட்டைவிரல் ஒவ்வொரு ‘ந’வுக்கும் ஊர் சுற்றி வர வேண்டும். வாங்கும் முன் கீபோர்டின் படத்தைப் பெரிதாக்கி இந்த ஐந்து விசைகளையும் தேடுங்கள். ‘எஃப்என்’ அழுத்தினால்தான் வரும் என்றால் அந்த இடத்திலேயே டேபை மூடலாம்.

வழி இல்லாமல் இல்லை. லினக்ஸில் எம்17என் என்கிற பன்மொழி உள்ளீட்டு நூலகம் தமிழ்99-ஐ ஒரு சாதாரண உரைக் கோப்பாகத்தான் வைத்திருக்கிறது. அதை நகலெடுத்து ‘ந’வை வேறு விசைக்கு மாற்றலாம். யு-கன்சோலின் கீபோர்டு ஃபர்ம்வேரையே (கீபோர்டுக்குள் ஓடும் நிரல்) திறந்து வைத்திருக்கிறார்கள், அதையும் மாற்றலாம். இரண்டு வாரம் மண்டையை உடைத்துச் செய்தும் விடுவேன். அப்புறம் அலுவலகக் கீபோர்டில் ஓர் அமைப்பு, ரயிலில் வேறோர் அமைப்பு. இருபது வருடப் பழக்கம் விரலில் இருக்கிறது, அதைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை.

“டெர்மினலிலேயே எல்லா வேலையும் செய்வேன்” என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை, எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைத்திருப்பது. ‘கொ’ மாதிரி முன்னால் கொம்பும் பின்னால் காலும் போடும் எழுத்து வந்தால் பல டெர்மினல்கள் தடுமாறும். கர்சர் ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று நிற்கும். தமிழில் எழுத வரைகலைச் சூழல் வேண்டும், அதற்கு ரேம் வேண்டும்.

யு-கன்சோலுக்கு எதிராக இன்னும் ஒன்று. ராஸ்பெர்ரி பை வகைப் போர்டுகளுக்கு லேப்டாப் மாதிரி தூங்கி விழிக்கத் தெரியாது. ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பூட் ஆக வேண்டும். அம்பத்தூரில் இடம் கிடைத்து உட்கார்ந்து, வில்லிவாக்கத்தில் எழுந்து பாட்டிக்கு இடம் கொடுக்கிற ரயில் வாழ்க்கைக்கு இது ஒத்துவராது.

பழைய திங்க்பேட்

எக்ஸ்250, 2015-ம் வருடத்து மாடல். 12.5 அங்குலம். பையில் வைக்கலாம், பாக்கெட்டில் வைக்க முடியாது. அதுதான் அதன் மேல் உள்ள ஒரே பெரிய குற்றச்சாட்டு. கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிடுவதால் சந்தையில் நிறைய. ஐந்தாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ இடமில்லை, விண்டோஸ் 10-க்கு ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. லினக்ஸ் போடுகிறவனுக்கு அந்த விலைச் சரிவு லாபம். இதற்கு முந்தைய எக்ஸ்240-ஐத் தவிர்த்தேன்; அதில் டிராக்பாயின்ட்டுக்கான (கீபோர்டு நடுவில் சுட்டியை நகர்த்தும் சிவப்புக் குமிழ்) தனி பட்டன்களை எடுத்துவிட்டிருந்தார்கள், 250-ல் திரும்ப வந்தன. பேட்டரி இரண்டு, உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டக்கூடியது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பேட்டரியை மாற்றலாம்.

பென்டிரைவில், நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸோடு போனேன். கடைக்கார அண்ணன் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் செருக விட்டார். டெர்மினலில் பேட்டரியின் இப்போதைய கொள்ளளவைப் பார்த்தேன்: பின்பேட்டரி புதிதாக இருந்தபோது தாங்கியதில் பாதி.

“அண்ணே, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?”

“நாலு மணி நேரம் கேரண்டி சார்.”

திரையைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து, “சரி, ரெண்டு வரும். பேட்டரிக்குன்னு ஆயிரம் குறைச்சுக்கலாம்” என்றார். 13,500-ல் முடிந்தது.

பிறகு ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து, கடை வாசலில் நின்றபடியே ‘நியாயம்’, ‘ஞாயிறு’, ‘வாழைப்பழச் சந்தை’ என்று அடித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் தானாகப் போய் ‘ழ’வில் விழுந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, “வாழைப்பழ பிசினஸா சார்?” என்றார்.

நிற்கும் நாட்களில் போனிலேயே மெய்ப்புப் பார்க்கிறேன், உட்காரும் நாட்களில் எக்ஸ்250. மீதி 11,500-ல் புது பின்பேட்டரி ஒன்று வாங்க வேண்டும். யு-கன்சோல் டேப் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அரைப்புள்ளி விசையை ஆங்கில ‘எல்’ விசைக்குப் பக்கத்தில் வைத்து யாராவது ஒரு கீபோர்டு செய்கிறார்களா என்று வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன்.